நுவரெலியா ட்ரிப்பும் வியர்க்கிற வேன் கண்ணாடியும்



பெருநாள் கழிந்த கையோடு நம்ம கரையோர ஊர்களில் பாதிப்பேர் நுவரெலியாவுக்கு வேன் பேசுகிறார்கள். மீதிப்பேர் ஏப்ரல் சீசனுக்கும் டிசம்பர் லீவுக்கும் பேசி வைக்கிறார்கள். ரூம் வாடகை சீசனில் எந்த விலைக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கொஞ்சக் காலமாக ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வேனின் பின் சீட்டுகளைக் கழற்றி, பலகை அடித்து, மெத்தை போட்டு, வேனுக்குள்ளேயே படுத்தெழும்பி வருவது. வெள்ளைக்காரர்கள் இதற்கென்றே கேம்பர் வேன் வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு ஒரு டொல்பினும் நாலு பாயும் போதும்.

இந்தப் பழக்கத்தை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. நடுத்தரக் குடும்பம் ஒன்று பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே மூன்று பேர் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் போய் வந்த எல்லாரும் ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள். விடியச் சாமம் எழும்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கூரையிலிருந்து சொட்டுகிறது. மெத்தை ஓரம் நனைந்து கிடக்கிறது. டிரைவர் காக்கா முன் கண்ணாடியைச் சாரத்தால் துடைக்கிறார், துடைக்கத் துடைக்க மறுபடி மூடுகிறது. "வேன் ஒழுகுது போல, பீடிங் போயிட்டு" என்று ஊருக்கு வந்து கராஜில் ரப்பர் மாற்றியவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல. உள்ளே படுத்திருந்தவர்கள் விட்ட மூச்சுத்தான் அது.

நம்ம பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் ஒடுங்கல் என்று படிக்கிறார்கள். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் நனைவதைப் பார்த்துக் கொப்பியில் படமும் கீறுகிறார்கள். அதே விசயம்தான் வேனிலும் நடக்கிறது. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சத்தைத்தான் தாங்கும். 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி நிற்கலாம். 20 பாகையில் 17 கிராம் அளவு. 10 பாகை என்றால் 9 கிராம் சொச்சம்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிற ஊர். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது அங்கே வழமை, சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனியே பூத்துக் கிடக்கும். வேன் கண்ணாடி என்பது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு தகடு. வெளிக் குளிர் எவ்வளவோ கண்ணாடியும் கிட்டத்தட்ட அவ்வளவு குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கிற வெதுவெதுப்பான காற்று அதில் பட்டவுடன் தன்னால் தாங்க முடியாத தண்ணீரை அங்கேயே விட்டுவிடுகிறது.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விசயம் விளங்கும். தூங்குகிற ஒரு வளர்ந்த ஆள் மூச்சாலும் தோலாலும் ஒரு இரவில் ஏறத்தாழ கால் லீற்றர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். எட்டுப் பேர் படுத்தால் இரண்டு லீற்றர். கடையில் வாங்குகிற பெரிய தண்ணீர்ப் போத்தலை விடக் கூட. ஒரு பெரிய வேனின் உள்ளே பத்துக் கன மீற்றர் அளவு இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று முழுவதும் 20 பாகையில் தாங்கக்கூடியது 170 கிராம், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. மீதி எங்கே போகும்? கண்ணாடிக்கும், கூரைத் தகட்டுக்கும், மெத்தைக்குக் கீழே பலகைக்கும்தான் போகும்.

இங்கேதான் நம்மவர்களோடு எங்களுக்கு வாக்குவாதம் வருகிறது. "யன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்க" என்று சொன்னால் உடனே மூன்று பதில் வரும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும். கள்ளன் கை போடுவான். மூன்றாவது பதில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது: "வெளியில புகார் மூடிக் கிடக்கு சேர், மழை வேற, திறந்தா இன்னும் ஈரம்தானே உள்ள வரும்?"

மூன்றாவதை முதலில் எடுப்போம். கேட்க நியாயமாகத் தெரிந்தாலும் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வெளியே 10 பாகையில், புகார் சூழ நிற்கிற காற்றில்கூட கன மீற்றருக்கு 9 கிராம் சொச்சம் நீராவிதான் இருக்கிறது. அது உள்ளே வந்து நம்ம உடம்புச் சூட்டில் 20 பாகை அளவுக்கு ஏறினால், இன்னும் ஏழு எட்டுக் கிராம் வாங்கிக்கொள்ள அதற்கு இடம் இருக்கும். வாங்கிக்கொண்டு மற்ற யன்னலால் வெளியே போய்விடும். அதாவது மலைநாட்டின் ஈரக் காற்று சூடாகியதும் நமக்குக் காய்ந்த காற்றாக வேலை செய்கிறது. எட்டுப் பேர் மணிக்குக் கால் லீற்றர் விடுகிறார்கள் என்றால் அதைச் சுமந்து போக மணிக்கு முப்பது கன மீற்றர் அளவு காற்று வேண்டும். வேனுக்குள் இருக்கிற காற்று மணிக்கு மூன்று தடவை மாறினால் போதும். எதிரெதிரே இரண்டு யன்னல் இரண்டு விரல் திறந்திருந்தால் சாதாரணக் காற்றோட்டத்திலேயே இது நடக்கக் கூடியது. உள்ளே அவ்வளவு சூடு ஏறாத இரவில் பலன் குறையும், அப்போது இன்னொரு விரல் கூடத் திறக்க வேண்டியதுதான். ஒரே பக்கத்தில் இரண்டு யன்னலைத் திறப்பதில் பெரிய பலன் கிடையாது. ஒன்று முன்னால் இடப்பக்கம் என்றால் மற்றது பின்னால் வலப்பக்கம் இருக்கட்டும். ஜப்பானிலிருந்து வருகிற பல வேன்களில் யன்னலுக்கு மேலே கறுப்புப் பிளாஸ்டிக் வைசர் இருக்கிறதல்லவா, அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மழையிலும் யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்பதுதான் அதன் பயனே.

சளிக்கு வருவோம். குளிர் காற்று பிள்ளையின் முகத்துக்கு நேரே அடித்தால் பிள்ளை அழும், உண்மை. அப்படியானால் பிள்ளையைப் படுக்க வைக்கிற இடத்தை மாற்றலாம், தொப்பி போடலாம், இன்னொரு போர்வை எடுத்துப் போகலாம். வெக்கை ஊரிலிருந்து போகிறவர்கள் மூன்று பேருக்கு ஒரு பெட்ஷீட் கொண்டு போய்விட்டு, அந்தக் குறையை யன்னலைப் பூட்டிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். நனைந்த மெத்தையில் படுத்திருக்கிற பிள்ளைக்கு உடம்புச் சூடு போவதுதான் கூட. முட்டு வருத்தம் உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் ஊறிய மெத்தை இரண்டு நாளில் நாறத் தொடங்கும், ஊருக்கு வந்து அதை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அடுத்த ட்ரிப்புக்கு அதே மெத்தை. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ட்ரிப் போய் வந்தால் ஒரு கிழமை இன்ஹேலரோடுதான் வரும். "மலைக் குளிர் ஒத்துக்கொள்ளல்ல" என்று உம்மா சொல்வார். அந்த மெத்தையை ஒருநாள் வெயிலில் விரித்தபோது அடிப்பக்கம் கறுப்புப் புள்ளியாகக் கிடந்திருக்கிறது. முட்டுக்கு அதுதான் காரணம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம், அது டொக்டரின் வேலை. ஆனால் அந்த மெத்தை இப்போது அந்த வீட்டில் இல்லை.

கள்ளன் விசயத்தில் எங்களிடம் பெரிய பதில் கிடையாது. இரண்டு விரல் இடைவெளிக்குள் கை போகாது. வெளிச்சமும் காவலும் உள்ள வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்துங்கள், காசு கொடுத்தாலும் பரவாயில்லை. லேக் ஓரத்து இருட்டில் ஓசிக்கு நிறுத்துவதை விட அது நல்லது.

இனி, நாங்கள் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விசயம். கண்ணாடியில் தண்ணீர் வழிவது அசௌகரியம், அவ்வளவுதான். அதைப் போக்குவதற்கு நம்மவர்கள் செய்கிற சில வேலைகள்தான் ஆளைக் கொல்லக்கூடியவை.

முதலாவது, இரவு முழுக்க எஞ்சினை ஓட விட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுப்பது. கண்ணாடி காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் நிற்கிற வேனின் சைலன்சர் புகை காற்றில்லாத இரவில் வேனைச் சுற்றியே தேங்கி நிற்கும். சைலன்சர் குழாயில் எங்காவது ஓட்டை, பின் கதவு ரப்பரில் கிழிசல், தரைப் பலகையில் துரு என்றால் உள்ளே வர வழி கிடைத்துவிடும். அதில் இருப்பது காபனோரொட்சைட்டு, அதாவது காபன் மொனொக்சைட். நிறம் கிடையாது, மணம் கிடையாது. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முழித்திருக்கிறவருக்குத் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்து எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பக்கத்தில் நிற்கிற வேன் எஞ்சினை ஓட விட்டிருந்தாலும் இதே ஆபத்துத்தான், சீசனில் வேன்கள் கதவோடு கதவு ஒட்டி நிற்கிற இடங்களில் இதை யாரும் யோசிப்பதில்லை.

இரண்டாவது, கேஸ் குக்கரை உள்ளே பற்ற வைப்பது. மழை கொட்டுகிறது, வெளியே நிற்க முடியாது, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் அவிக்க வேண்டும், கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு சின்னச் சிலிண்டர் அடுப்பை மெத்தைக்கு நடுவில் வைக்கிறார்கள். சமையல் முடிந்தும் "கொஞ்சம் சூடாகட்டும்" என்று எரிய விடுகிறார்கள். நூறு கிராம் கேஸ் எரிந்தால் நூற்றைம்பது கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது, ஆகவே கண்ணாடி இன்னும் மோசமாக வியர்க்கும். அடைத்த இடத்தில் ஒட்சிசன் குறையக் குறைய அடுப்பும் சரியாக எரியாமல் அதே நஞ்சை விடத் தொடங்கும். மெத்தையும் பெட்ஷீட்டும் பற்றிக்கொள்வது தனி ஆபத்து. கரிச்சட்டியைப் பற்றி எழுதவே கை கூசுகிறது, ஆனால் இறைச்சி சுட்ட கரி தணலாகிவிட்டது, புகை இல்லை என்று அதைத் தூக்கி வேனுக்குள் வைத்த ஒரு கூட்டத்தை நாங்களே பார்த்தோம். புகையில்லாத தணல்தான் அந்த நஞ்சை மிக அதிகமாக விடுவது. நல்லவேளையாக அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு மூத்தம்மா "எனக்கு மூச்சு முட்டுது, தூக்கி வெளியே வைங்க" என்று சத்தம் போட்டார். படித்த நாலு பேர் அங்கே இருந்தார்கள், சத்தம் போட்டவர் அவர்தான்.

யன்னல் திறந்திருக்கிறதே, அப்போது அடுப்பை வைக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இரண்டு விரல் இடைவெளி மூச்சின் ஈரத்துக்குப் போதும், அடுப்புக்கும் தணலுக்கும் போதாது. வேனில் படுத்து எழும்பியவர்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் ஓங்காளமும் என்றால் "சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பப் படுக்காதீர்கள். எல்லாரையும் வெளியே இறக்கி, 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் என்று பற்றரியில் ஓடும் சின்னச் சாமான் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சீசனும் வேனில் படுக்கிற குடும்பம் இரண்டு ஸ்பீக்கர் வாங்குவதற்குப் பதிலாக ஒரு ஸ்பீக்கரும் அந்த அலாரமும் வாங்கலாம்.

ஓடுகிற வேனின் கதை வேறு. இரவு முழுக்கப் பூட்டிப் படுத்துவிட்டு, ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவைப் புகார் மூடுமுன் பார்க்க வேண்டும் என்று விடியச் சாமம் ஐந்து மணிக்கு வேனைக் கிளப்புகிறார்கள். உள்ளே எட்டுப் பேரின் ஈரம், வெளியே இருட்டு, வளைவு வீதி. டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் கண்ணாடி துடைப்பு. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஒரு பஸ்ஸில் உதவியாளர் முழு வழியும் நின்றுகொண்டே பேப்பரால் துடைத்துக்கொண்டு வந்தார். ஏசி இருந்தது, போடவில்லை. "குளிருக்குள்ள ஏசி எதுக்கு சேர்?" என்று சிரித்தார்.

குளிருக்குள்தான் ஏசி வேண்டும். ஏசி காற்றைக் குளிர்விப்பது மட்டுமில்லை, அதிலிருக்கிற ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. ஊரில் ஏசி போட்ட வேனுக்குக் கீழே தண்ணீர் சொட்டுவது அந்தப் பிழிந்த ஈரம்தான். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். ஜப்பான் வேன் எல்லாவற்றிலும் ஹீட்டர் வருகிறது, ஆனால் நம்ம வெக்கை ஊர்களில் அது தேவையில்லை என்று பழைய வேன்களில் அதன் குழாயைக் கழற்றி விட்டிருப்பார்கள். வேன் பேசும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் டேஷ்போர்டில் இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச். அதில் இரண்டு படம் இருக்கும். ஒன்றில் வாகனத்துக்குள்ளேயே சுற்றுகிற அம்புக்குறி, மற்றதில் வெளியிலிருந்து உள்ளே வருகிற அம்புக்குறி. நம்ம ஊரில் தூசியும் வெக்கையும் என்பதால் அது வருடம் முழுக்க உள்ளே சுற்றுகிற பக்கமே கிடக்கும். அப்படியே மலைக்கு ஏறினால் எட்டுப் பேர் விட்ட மூச்சைத்தான் அந்த ஃபேன் திரும்பத் திரும்பக் கண்ணாடியில் ஊதும். செங்கலடியிலிருந்து பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியா போகிற ஏ5 வீதியில் போகிறவர்கள் பதுளையைத் தாண்டும்போதே அதை வெளிக்காற்றுப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

திரும்பி வரும்போது விசயம் தலைகீழாகும். குளிர்ந்த வேன் பிபிலைப் பக்கம் இறங்கி வெக்கையும் ஈரமுமான காற்றுக்குள் வந்தால் கண்ணாடியின் வெளிப்புறம் மூடும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை இரண்டு தரம் போட்டு, ஏசிக் காற்றைக் கண்ணாடியில் படாமல் திருப்பினால் சரி. விரலால் தொட்டுப் பார்த்தால் ஈரம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வட்ஸ்அப்பில் சுற்றுகிற கைவைத்தியங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய், சவர்க்காரம் பூசு, ஷேவிங் கிரீம் பூசு. சவர்க்காரம் ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் தகடாகப் பரவும், பார்வை மறையாது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் குறைவதில்லை, இரவில் எதிர்வாகன வெளிச்சம் பட்டால் கண் கூசும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பக்கட்டுகளைச் சேர்த்து வைத்துப் போகிற ஒரு தம்பியும் இருக்கிறார். அது தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ஈரம் பிடிக்கும். இரண்டு லீற்றருக்கு ஆறு கிலோ வேண்டும். ஊர் முழுக்கச் சப்பாத்து வாங்கினாலும் காணாது. எண்ணெய்ப்பசை இல்லாமல் கண்ணாடியை வினாகிரியும் தண்ணீரும் கலந்து பேப்பரால் துடைத்து வைப்பது இவை எல்லாவற்றையும் விட நல்லது, அழுக்குக் கண்ணாடியில் புகார் இன்னும் மோசமாகத் தெரியும்.

மற்றப்படி சின்னச் சின்ன வேலைகள்தான். ரம்பொடையில் குளித்த ஈரத் துவாயையும் உடுப்பையும் வேனுக்குள் கயிறு கட்டிக் காயப் போடாமல் பையில் கட்டிக் கூரையில் ஏற்றுங்கள். மெத்தைக்குக் கீழே பலகையில் நாலு ஓட்டை போட்டால் அடியில் காற்று ஓடும். கண்ணாடி அளவுக்கு ரெஜிஃபோம் வெட்டி வைத்தால் குளிர் குறையும், திறந்திருக்கிற யன்னலை மட்டும் அதால் அடைத்துவிடாதீர்கள். விடிந்ததும் கதவெல்லாம் திறந்து, கண்ணாடியைத் துடைத்த துணியை வெளியே பிழிந்து, பத்து நிமிடம் காற்றுப் போக விட்டு வேனை எடுங்கள்.

டிசம்பருக்கு வேன் பேசியிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே டிரைவர் காக்காவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஹீட்டர் வேலை செய்யுமா, பின் யன்னல் திறக்குமா, சைலன்சர் எப்போது பார்த்தது. மூன்றுக்கும் சிரித்து மழுப்பினால் வேறு வேன் பாருங்கள், ஊரில் வேனுக்குக் குறைவில்லை. ஏற்கெனவே வேனில் படுத்து வந்தவர்கள் என்ன செய்து சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். குறிப்பாகக் கைக்குழந்தையோடு போன உம்மாமார் எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.